ஆம்பூர் வீட்டுக் கணினியின் ஃபயர்வால்: அன்றும் இன்றும்

ஆம்பூரில் வீட்டுக் கணினி வீட்டுக்காக மட்டும் உழைப்பதில்லை. பகலில் பிள்ளைகளின் புராஜெக்ட்டும் சினிமாவும் ஓடுகிற அதே சிஸ்டத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் டாலி என்ற கணக்கு மென்பொருள் திறக்கும். ஜாப் ஒர்க் கணக்கு, ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்துக் கொடுத்த பெண்களின் கூலிப் பட்டியல், பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட், பேக்கிங் லிஸ்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அந்த ஒரே மேசையில்தான். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் நெடுக இதே நிலைதான். பெரிய ஷூ கம்பெனிகளில் ஐடி ஆட்கள் இருக்கிறார்கள், சர்வர் அறை இருக்கிறது. அவர்களுக்கு வெட்டியும் தைத்தும் கொடுக்கிற சின்ன யூனிட்டுகளின் மொத்தக் கணக்கும் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் இருக்கிறது. அந்த ஹாலுக்குள் வெளியார் யாரும் நெட் வழியாக நுழையாமல் காப்பது ஃபயர்வால். இருபது வருடத்துக்கு முன்பு ஃபயர்வால் இல்லாமல் கெட்டோம். இன்று இருப்பதை நம் கையாலேயே அணைத்துவிட்டுக் கெடுகிறோம். இந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஃபயர்வாலின் வேலை எளிது. ஒரு கணினி நெட்டில் பேசுவதற்கு 65,536 எண்ணிட்ட வாசல்கள் உண்டு; போர்ட் என்பார்கள். எந்த வாசலில் யார் உள்ளே வரலாம், உள்ளிருக்கும் எந்த மென்பொருள் வெளியே பேசலாம் என்று பார்த்து விடுவதோ மறுப்பதோதான் அதன் வேலை. நாம் ஒரு இணையப் பக்கத்தைக் கேட்டால் அதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கேட்காமல் வந்து கதவைத் தட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. நம் பக்கத்துக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. அதுவரை வெளிநாட்டு ஆர்டர் என்றால் டெலக்ஸ், பிறகு ஃபேக்ஸ், அல்லது தோல் வணிகம் நடக்கும் சென்னைப் பெரியமேட்டில் இருக்கும் ஆள் மூலம் வரும் தகவல். முதலில் பிரௌசிங் சென்டர்கள் வந்தன. கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் தொலைபேசி வயரை மோடத்தில் செருகி டயல்-அப் போட்டார்கள். ஒரு மெயில் பார்க்க இணைப்பார்கள், பார்த்ததும் துண்டிப்பார்கள்; பில் ஏறுமே என்ற பயம். அந்தப் பயம்தான் அன்றைக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. டயல்-அப்பில் இணைந்த கணினி நேரடியாக வெளியுலகில் நின்றது. நடுவில் ரூட்டர் கிடையாது. உலகின் எந்த மூலையிலிருந்தும் அதன் வாசல்களைத் தட்டிப் பார்க்கலாம். நாளுக்குப் பத்து நிமிடமே வெளியே நின்றதால் பலர் தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. இணைப்பின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ஒரு பெட்டியை டிக் செய்தால்தான் அது வேலை செய்யும். யாரும் டிக் செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். நெட்டில் இணைந்திருந்தாலே போதும், 135 என்ற வாசல் வழியாக அந்தப் புழு உள்ளே வந்துவிடும். திரையில் ஒரு பெட்டி தோன்றி 60 விநாடியிலிருந்து பின்னோக்கி எண்ணும். பூஜ்யம் வந்ததும் சிஸ்டம் அணைந்து மறுபடி ஆன் ஆகும். திரும்ப நெட்டில் இணைந்தால் மறுபடி 60. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் அதை இறக்க நெட் வேண்டும், நெட்டில் இணைந்தால் சிஸ்டம் நிற்காது. 'ஷட்டவுன் மைனஸ் ஏ' என்று கட்டளை தட்டினால் எண்ணிக்கை நிற்கும் என்பதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தார்கள். எக்ஸ்பியில் அந்த ஒரு பெட்டியை டிக் செய்திருந்தால் இந்தப் பாடு எதுவும் இருந்திருக்காது. அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் சாஸர் வந்தது. அதுவும் இதே ரகம், வாசல் மட்டும் 445.

அதன் பிறகுதான் எந்த ஃபயர்வால் போடுவது என்ற கேள்வி வீடுகளுக்கு வந்தது. உண்மையிலேயே தேர்வு செய்ய வேண்டிய காலம் அது. ஜோன் அலாரம் இலவசமாகக் கிடைத்ததால் அதுதான் பரவலாக ஓடியது. கேரியோ, சைகேட், அவுட்போஸ்ட் என்று கணினிப் பத்திரிகைகள் வரிசை போட்டன. விண்டோஸின் ஃபயர்வால் உள்ளே வருவதை மட்டும் பார்த்தது. இவை வெளியே போவதையும் பார்த்தன. அதனால் நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டன. இந்த மென்பொருள் நெட்டுக்குப் போக விரும்புகிறது, விடலாமா? எஸ்விசிஹோஸ்ட் என்று ஒன்று கேட்கிறது, விடலாமா? கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், கட்டிங் செக்‌ஷனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கணக்கு எழுத உட்கார்ந்த மனிதர். அந்தப் பெயர்களில் எது விண்டோஸின் உறுப்பு, எது வைரஸ் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் எல்லாவற்றையும் மறுத்தார், நெட் நின்றுபோனது. மறுநாள் எல்லாவற்றுக்கும் சரி என்றார். மூன்றாம் நாள் அதை நீக்கிவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பதில் தெரியாதவரிடம் கேள்வியைத் தள்ளிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தது அந்த மென்பொருள்களின் குறை.

ஃபயர்வால் போட்டவர்களுக்கும் முழு நிம்மதி இருக்கவில்லை. 2004 மார்ச்சில் விட்டி என்ற புழு, பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைந்து வன்தட்டின் தகவல்களை அழித்தது. பாதுகாப்புக்காகப் போட்டவர்கள்தான் அதில் மாட்டினார்கள். ஒன்றுக்கு இரண்டு போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு ஃபயர்வால் போட்டவர்களின் சிஸ்டத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அந்தப் பெயர்களில் பல இன்று இல்லை. சைகேட்டை 2005-ல் சைமன்டெக் வாங்கி மூடியது. அவுட்போஸ்டின் தொழில்நுட்பத்தை 2015-ல் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் வாங்கிக்கொண்டது. ஜோன் அலாரம் 2004-ல் செக் பாயின்ட் கைக்குப் போய் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் மாநிலத்துப் பெயர் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் சேர்ந்த தொகுப்பைத் தயாரித்து ஜப்பான் வரை விற்றது. இன்றும் வேலூர், ஆம்பூர் கடைகளில் அதன் பெட்டியைப் பார்க்கலாம்.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்ததும் நிலைமை தலைகீழானது. ஃபயர்வால் தானாகவே ஆன் ஆனது. கண்ட்ரோல் பேனலில் கண்ணெதிரே இடம் பிடித்தது. வீட்டுக் கணினிப் பாதுகாப்பில் இதைவிட நல்ல முடிவை மைக்ரோசாஃப்ட் எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முழுக் கோப்பு 266 எம்பி. டயல்-அப்பில் விநாடிக்கு 5 கேபி வந்தால், துண்டிக்காமல் 15 மணி நேரம் இறக்க வேண்டும். அதனால் சிடியில் கை மாறி வந்தது. திருட்டு விண்டோஸ் போட்டவர்கள், அப்டேட் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று அதையும் தவிர்த்தார்கள். கடையில் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்தவரே 'அப்டேட்டை ஆன் பண்ணாதீங்க' என்று சொல்லி அனுப்பிய காலம் அது.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. 256 கேபிபிஎஸ் என்பது அன்று பெரிய வேகம். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. எனவே ராத்திரி முழுக்க சிஸ்டம் ஓடியது. பத்து நிமிடம் வெளியே நின்ற கணினி இப்போது ஆறு மணி நேரம் நின்றது, அதுவும் வீடு தூங்குகிற நேரத்தில். மோடத்தைப் பிரிட்ஜ் என்ற முறையில் வைத்து கணினியிலிருந்தே யூசர்நேம் போட்டு இணைத்தவர்களுக்கு, டயல்-அப் போலவே கணினி நேரடியாக வெளியே நின்றது. மோடத்தை ரூட்டர் முறையில் வைத்தவர்களுக்கு அதிர்ஷ்டம். வெளியே தெரிவது மோடத்தின் முகவரி, உள்ளே இருக்கும் கணினியின் முகவரி வெளியே தெரியாது. கேட்காமல் வருபவை மோடத்தோடு நின்றுபோகும். எந்த முறையில் வைப்பது என்று வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. வந்தவர் எப்படி வைத்தாரோ அப்படி.

அந்த மோடத்தின் பாஸ்வேர்டும் அப்படியே விடப்பட்டது. யூசர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். இதன் விலையை 2017 ஜூலையில் கொடுத்தோம். மாற்றாத பாஸ்வேர்டோடு இருந்த பிஎஸ்என்எல் மோடங்களை ஒரு தீய நிரல் தேடிப் பிடித்து முடக்கியது. நாட்டின் பல பகுதிகளில் இணைப்பு போனது. வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. கணினியில் எவ்வளவு நல்ல ஃபயர்வால் இருந்தாலும், அதற்கு முன்னால் நிற்கும் மோடத்தின் சாவி ஊருக்கே தெரிந்தால் என்ன பயன்?

அதே வருடம் மே மாதம் வான்னக்ரை வந்தது. 445 வாசல்தான் மறுபடியும். சாஸர் நுழைந்து பதின்மூன்று வருடம் கழித்தும் அதே வாசல். ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பிட்காயினில் பணம் கேட்டது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்டேட் செய்யப்படாத விண்டோஸ் 7 கணினிகள். ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அதில் சிக்கின. மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு அலுவலகத்தில் ஒரு கணினிக்குள் அது வந்துவிட்டால், ஃபைல் பகிர்வுக்காக உள்ளுக்குள் திறந்து வைத்த வாசல்கள் வழியாக மற்றவற்றுக்கும் பரவியது. வீட்டுக்குள் இருப்பவை எல்லாம் நம்பத்தக்கவை என்ற கணக்கு அன்றே பொய்த்தது.

இதற்கிடையில் வீடுகளுக்குக் கணினி வந்த வழியும் மாறியிருந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்பர் தைக்கும் வீடுகளிலும், தோல் பதனிடும் தோல்ஷாப்பில் டிரம் ஓட்டுபவர் வீட்டிலும் முதல் கணினி அதன் மூலம்தான் நுழைந்தது. தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் காலத்துப் புழுக்களில் பெரும்பாலானவை தொட்டிருக்கா. கிட்டத்தட்ட எல்லோரும் அதை அழித்துவிட்டு ஒரு திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டார்கள். பள்ளியில் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

இன்றைக்கு வருவோம். விண்டோஸ் 10-லும் 11-லும் ஃபயர்வால் வாங்கிய நாளிலிருந்து ஆன். உள்ளே வருவதைத் தானாகத் தடுக்கிறது, அடிக்கடி கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு, அதன் முனையில் ரூட்டர். செல்போன் நெட் என்றால் கம்பெனியே பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பிளாஸ்டர் மாதிரி ஒன்று தானாக வந்து நுழைவது 2003-ஐ விட எவ்வளவோ கடினம். ஆகவே எந்த ஃபயர்வால் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், வாங்க வேண்டாம், விண்டோஸில் இருப்பது போதும் என்பதே என் பதில். கே7, குவிக் ஹீல் போன்ற தொகுப்பு ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் ஃபயர்வாலே பொறுப்பேற்கும், விண்டோஸுடையது ஒதுங்கிக்கொள்ளும். சந்தா முடிந்தும் நீக்காமல் கிடக்கும் பழைய தொகுப்புதான் ஆபத்து. அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று யாருக்கும் தெரியாது. நீக்கிவிடுங்கள்.

ஆனால் இந்தப் பேச்சை ஆம்பூரில் எந்தத் தெருவிலும் கேட்கலாம்:

"தம்பி, மாடி சிஸ்டத்துல டாலி கம்பெனி வரமாட்டேங்குதே."

"ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க பாய், வந்துரும்."

வந்துவிடும்தான். அதுதான் பிரச்சினை. வேலை நடந்துவிட்டதால் அதைத் திரும்ப ஆன் செய்ய யாருக்கும் நினைவு வருவதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம், அந்தக் கணினி மாறி வேறு கணினி வரும் வரை அது அணைந்தே கிடக்கும்.

டாலி ஏன் வரவில்லை? பெரும்பாலும் காரணம் இது. புது ரூட்டர் மாட்டினாலோ வைஃபை பெயர் மாறினாலோ விண்டோஸ் அந்த இணைப்பைப் பப்ளிக் என்று எடுத்துக்கொள்கிறது. ரயில் நிலையத்து வைஃபை போல யாரையும் நம்பாத நிலை. அந்த நிலையில் ஃபைல் பகிர்வு தடுக்கப்படும். டாலியின் டேட்டா கீழ் சிஸ்டத்தில் இருந்து, மாடியிலிருந்து அதைத் திறக்க வேண்டும் என்றால் பகிர்வு வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வீட்டு வைஃபையை மட்டும் பிரைவேட் என்று மாற்றினால் ஃபயர்வால் ஆனில் இருக்கும்போதே டாலி திறக்கும். ஒரு நிமிட வேலை.

இன்னொரு காரணமும் உண்டு. டாலியை முதல் முறை ஓட்டியபோது 'இந்த ஆப்பின் சில வசதிகளைத் தடுத்திருக்கிறோம்' என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டியிருக்கும். அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருப்பார்கள். கேன்சல் என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. அந்த மென்பொருளைத் தடுக்கும் விதி ஒன்று நிரந்தரமாக எழுதப்படுகிறது. பிறகு அனுமதி விதி எழுதினாலும் தடை விதிதான் ஜெயிக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலுக்குப் போய், டாலி பெயரில் சிவப்புக் குறியோடு இருக்கும் வரிகளை நீக்கிவிட்டு, மறுபடி டாலியைத் திறந்து பிரைவேட்டுக்கு மட்டும் டிக் செய்து அனுமதி கொடுங்கள். டாலி வழக்கமாக 9000 என்ற வாசலைப் பயன்படுத்தும். அந்த எண்ணை ஊருக்கே திறந்துவிடத் தேவையில்லை, வீட்டுக்குள் திறந்தால் போதும்.

ஜிஎஸ்டி போடும்போதும் இதே கதை. 2017 ஜூலை 1-க்குப் பிறகு கம்பெனிகளும் எல்எல்பிகளும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் செருகிக் கையெழுத்திட வேண்டும். அதற்கு எம்சைனர் என்ற சின்ன மென்பொருள் ஓட வேண்டும். 20-ம் தேதி இரவில் அது இணைய மறுக்கும். உடனே ஃபயர்வாலை அணைப்பார்கள். எம்சைனரும் பிரௌசரும் பேசிக்கொள்வது ஒரே கணினிக்குள், 1585 என்ற வாசலில். வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை என்பதால் விண்டோஸ் ஃபயர்வாலுக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. எம்சைனரை மூடி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திரும்பத் திறப்பதுதான் வழக்கமான தீர்வு. சம்பந்தமே இல்லாத காவலை நீக்கிவிட்டு, எப்படியோ சரியானதும் அதனால்தான் சரியானது என்று நம்பிவிடுகிறோம்.

2020 மார்ச் ஊரடங்கில் இதைவிடப் பெரிய கதவு ஒன்று திறந்தது. கம்பெனி சிஸ்டத்தை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். உடனே ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்து, ரூட்டரில் 3389 வாசலை நேரே உள்ளே திருப்பிவிட்டார்கள். உலகம் முழுக்க நடந்ததுதான், இங்கும் நடந்தது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் இணையம் முழுவதும் 3389-ஐத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எளிய பாஸ்வேர்டு என்றால் நுழைய அதிக நேரம் ஆகாது. ஊரடங்கு முடிந்தது. ரூட்டரில் எழுதிய அந்த விதி பல இடங்களில் முடியவில்லை. ரூட்டரின் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற இடத்தைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காரணம் தெரியாத ஒரு வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். கோடவுன் கேமராவைச் செல்போனில் பார்ப்பதற்காக எழுதிய வரியும் அங்கேதான் இருக்கும்.

ஐபிவி6 பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முகவரி முறையைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகில் முன்வரிசை நாடு. இதில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. ரூட்டர் முகவரியை மறைத்ததால் கிடைத்த பழைய அதிர்ஷ்டம் இங்கே இல்லை. ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கணினியிலும் ஃபயர்வாலை அணைத்து, ரூட்டரிலும் இது அணைந்திருந்தால், 2003-ல் நின்ற இடத்திலேயே போய் நிற்கிறோம்.

வெளியே போவதைப் பார்ப்பது அடுத்த விஷயம். விஸ்டா முதல் விண்டோஸ் ஃபயர்வாலுக்கு அந்தத் திறமை உண்டு, ஆனால் எதையும் தடுக்காமல் விட்டுவிடுவதுதான் அதன் இயல்பு. உள்ளே வருவதை எல்லோரும் பார்க்கிறோம், வெளியே என்ன விடுகிறோம் என்று பார்ப்பதில்லை. இந்தப் பாடத்தை நம் ஊரைவிட விலை கொடுத்துக் கற்ற ஊர் இல்லை. தோல்ஷாப்புகள் வெளியே விட்ட கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த பிறகு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. கேடு நடக்கும் முன்பே தடுக்க வேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பு நிறுவியது. கணினியிலும் அப்படித்தான். வைரஸ் உள்ளே வந்துவிட்டால் பையர் பட்டியலும் பாஸ்வேர்டுகளும் சத்தமில்லாமல் வெளியே போகும். எது எங்கே பேசுகிறது என்று பார்க்க விரும்பினால் கிளாஸ்வயர், டைனிவால் போன்றவற்றைப் போடலாம்.  பொறுமையும் ஆர்வமும் உள்ளவருக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். ஜோன் அலாரம் காலத்துக் கேள்விகளை வீட்டிலுள்ள பெரியவர் மேல் மறுபடி சுமத்த வேண்டாம்.

கம்பெனி லேப்டாப் வீட்டுக்கு வருகிறது, பிள்ளையின் விளையாட்டுக் கணினியும் அதே வைஃபையில். முடிந்தால் கணக்குக் கணினியைத் தனியாகவும், விருந்தினர் செல்போன்களையும் கேமராவையும் ரூட்டரின் கெஸ்ட் வைஃபையிலும் வையுங்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சிக்குப் போய் ஹோட்டலில் தங்கும்போது இணைப்பைப் பப்ளிக் என்றே விடுங்கள். உள்ளே வரும் எல்லா இணைப்பையும் தடு என்று ஒரு பெட்டி உண்டு. பயணத்தில் அதையும் டிக் செய்யுங்கள். வீடு திரும்பியதும் எடுத்துவிடலாம்.

ஃபயர்வாலால் முடியாதது ஒன்று உண்டு, அதுதான் இன்று தோல் வியாபாரிகளை அதிகம் பயமுறுத்த வேண்டியது. பையர் பெயரில், ஒரே ஒரு எழுத்து மாறிய மெயில் முகவரியிலிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் கடிதம். அல்லது நம் பெயரில் பையருக்குப் போகும் அதே கடிதம். அதில் தடுக்க வேண்டிய வாசல் எதுவும் இல்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கியது நம் மெயில்தான். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள், சரி செய்து தருகிறோம் என்று போனில் பேசுபவரும் அப்படியே. இணைப்பு நம் கணினியிலிருந்து வெளியே போவதால் ஃபயர்வால் விட்டுவிடும். இந்த எனிடெஸ்க் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. கணக்கு எண் மாறினால், பழைய நம்பரில் போன் செய்து குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-டன் பொதுவாக நின்றுவிட்டன. அந்தக் கணினிகள் நம் ஊரில் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஓட்டை அடைக்கப்படாத கணினிக்கு ஃபயர்வால்தான் கடைசித் துணை, அதையும் அணைத்துவிடாதீர்கள். இன்று இரவு டாலியைத் திறப்பதற்கு முன் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் ப்ரொடெக்‌ஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். விதிகள் குழம்பிக் கிடந்தால் அதே பக்கத்தில் 'ரீஸ்டோர் டு டிஃபால்ட்' உண்டு. அழுத்திவிட்டு டாலிக்கு மட்டும் மறுபடி அனுமதி கொடுங்கள். சர்வீஸ் செய்கிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சோதித்துப் பார்க்க ஃபயர்வாலை அணைத்தால், அந்த வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் அதை ஆன் செய்துவிட்டுப் போங்கள்.